தோல் ஊறும் குளம்

கலனில் நொதி இன்றும் குறைந்திருந்தது. ஜெயகௌரி மாதிரியை மறுபடி எடுத்துவரச் சொன்னாள். அது வருவதற்குள் பொறுக்காமல் தானே போய் எடுத்துவந்தாள். அதே அளவுதான்.

சிறுநீரகம் பழுதான லட்சக்கணக்கானோர் அந்த நொதியால்தான் நடமாடினார்கள். கையில் கட்டும் குருதிப்பட்டைக்குள் அது இருந்து, ஓடும் ரத்தத்தின் நச்சை அங்கேயே உடைத்தது. அவள் தம்பி தசரதனும் பட்டை கட்டியவன்தான். சின்ன வயதில் மேலக்குப்பத்துக் கிணற்றுத் தண்ணீர் குடித்து வந்த வினை.

நொதியைச் சுரக்கும் ஈஸ்டை அவள் கண்டெடுத்ததும் அதே மேலக்குப்பத்தில், தோல் ஆலைகள் விட்டுப்போன கழிவுக்குளத்தின் அடிச்சேற்றில். விஷத்தில் பிழைக்க அது பழகிக்கொண்ட தற்காப்பு அந்த நொதி. இப்போதோ ஊரெல்லாம் ஆய்வுக்கூடத்தில் வளர்த்த தோல். ஆலை ஒன்றுகூட இல்லை. சேமித்த கழிவும் தீர்ந்துகொண்டிருந்தது. அதே உப்பையும் குரோமியத்தையும் கலந்து செயற்கைக் கழிவு ஊற்றிப் பார்த்தாள். ஈஸ்ட் கொழுகொழுவென்று பெருகியது, நொதியை மட்டும் மறந்துவிட்டது.

மேலக்குப்பத்தில் ஓர் ஆலையைத் திறக்கலாம் என்றது நிர்வாகம். கழிவை வைத்துக்கொண்டு தோலைக் குப்பையில் போடுவது. நிலத்தில் கசியாமல் குளத்தின் அடியில் விரிப்பு போடுவது. ஜெயகௌரி சம்மதிக்க வேண்டும். அவள் தம்பியிடம் போனாள்.

"திறந்துடுக்கா," என்றான் தசரதன். "பட்டை நின்னா நான் ஒரு மாசம் தாங்க மாட்டேன்."

"ஊரு?"

"விரிப்புதான் போடறீங்களே."

விரிப்பு போட்டு ஆலையைத் திறந்தார்கள். நொதி வரவில்லை. ஈஸ்டுக்கு அந்த மண்ணோடு கலந்து ஊறிய கழிவுதான் வேண்டியிருந்தது. இது ஜெயகௌரிக்குப் புரிந்தபோது பட்டைகளுக்குத் தட்டுப்பாடு வந்துவிட்டது. தசரதனின் முகம் வீங்கத் தொடங்கியிருந்தது. அவள் குளக்கரையில் போவதும் வருவதுமாக இருந்தாள். பிறகு விரிப்பை எடுக்கச் சொன்னாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

கலன்கள் நிறைந்தன. தம்பிக்கு வீக்கம் வடிந்தது. அவளுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. வாராவாரம் கிணறுகளைச் சோதித்தாள். அடுத்த மழைக்குப் பின் தண்ணீரில் குரோமியம் தெரிந்தது. கிணறுகளை மூடச் சொல்லி, லாரியில் தண்ணீர் அனுப்பச் செய்தாள். லாரி வராத நாட்களில் ஜனங்கள் மூடியைத் திறந்து இறைத்துக்கொண்டார்கள்.

சில வருஷம் கழித்து மேலக்குப்பம் மருத்துவர் கூப்பிட்டார். ஆறு வயதுப் பெண் ஒருத்திக்குப் பட்டை தேவைப்பட்டது. பெரியவர்களுடையது அந்தக் கையில் நிற்காமல் கழன்று விழுகிறதாம்.

ஜெயகௌரி பட்டை செய்யும் பிரிவுக்குப் பேசினாள். ஒரு குழந்தைக்குச் சின்ன அளவில் செய்ய முடியுமா என்று கேட்டாள்.

"மேலக்குப்பத்துக்குத்தானே மேடம்? போன மாசமே அச்சு தயாராயிடுச்சு," என்றது மறுமுனை. "மஞ்சளும் ரோஸும் இருக்கு. பாப்பாவுக்கு எது பிடிக்கும்?"