உணர்வடக்கி

உணர்த்தியை நெற்றியில் கட்டிக்கொண்டு மேடையேறுபவர் வாய் திறக்க வேண்டியதில்லை. அவருக்கு ஒன்று எப்படி விளங்கியிருக்கிறதோ, அப்படியே அரங்கின் இருக்கைகளில் சாய்ந்திருப்பவர்களுக்கும் விளங்கிவிடும். வெறும் வாய்ச்சொல்லை நம்பும் வழக்கம் ஊரில் மெல்லப் போய்விட்டது. விஞ்ஞானிகளை மேடைக்குத் தயார்செய்ய ஒவ்வோர் ஆய்வு நிறுவனத்திலும் ஒரு மக்கள்மொழிப் பிரிவு இருந்தது.

நப்பின்னையின் நிறுவனத்திலும் இருந்தது. ஆனால் யாருடைய ஆய்வானாலும் மேடையேறுபவர் இயக்குநர் சேதுமாதவன்தான்.

"நீ ஆராய்ச்சியப் பாரும்மா. ஜனங்க முன்னாடி நின்னா உனக்குக் கை நடுங்குதுல்ல?"

ஒரே ஒருமுறை நடுங்கியது. அதை அவர் திரும்பத் திரும்பச் சொல்லி, அவளுடைய சுபாவமாகவே ஆக்கிவிட்டார். தனியாகக் கண்ணாடி முன் நிற்கும்போதுகூட இப்போது நடுங்கியது.

இன்று மேடையேறவிருந்தது அவளுடைய கண்டுபிடிப்பு. ஊரின் குடிநீரில் ஆர்சனிக் கலந்திருக்கிறது. கொதிக்கவைத்தாலும் போகாது.

அரங்கின் பின்னறையில் உணர்த்தியைத் துடைத்துக்கொண்டிருந்தாள் மக்கள்மொழிப் பிரிவின் ரெஜினா.

"ரெஜினாக்கா, இன்னிக்கு அடக்கியக் கழட்டிடுங்க."

உணர்வடக்கி, உணர்த்தியில் பொருத்தும் நகத்தளவு வில்லை. பேசுபவரின் சொந்த உணர்ச்சிகளைத் தடுத்து, அறிவை மட்டும் அனுப்புவது.

"அடியே, மனுஷன் மனசுல இருக்குறதெல்லாம் வெளிய கொட்டிடும்டி."

"கொட்டட்டும்."

ரெஜினா சிரித்துக்கொண்டே வில்லையைக் கழற்றி நப்பின்னையின் உள்ளங்கையில் வைத்தாள்.

சேதுமாதவன் மேடையேறியதும் அரங்கு முழுவதும் ஒன்றுமே விளங்காத வெறுமை பரவியது. அடுத்து, யாராவது கேள்வி கேட்டுவிடுவார்களோ என்ற பயம். பிறகு, மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருப்பவளிடமிருந்து இந்தக் கண்டுபிடிப்பை எடுத்துக்கொண்டோம் என்ற குறுகுறுப்பு. எல்லாத் தலைகளும் நப்பின்னையின் பக்கம் திரும்பின.

"யோவ், எறங்குய்யா! அந்தப் பொண்ண ஏத்துங்க!"

அவர் யாரையும் பார்க்காமல் இறங்கினார். அவள் ஏறினாள். கை நடுங்கவில்லை. உணர்த்தியைக் கட்டிக்கொண்டு கிணறுகளை நினைத்தாள், அவற்றின் ஆழத்தை, மண்ணை, நஞ்சு கசிந்து வரும் வழியை. அவற்றுக்கெல்லாம் மேலே, படியில் தடுமாறி இறங்கிய அவருடைய முகம் நின்றது. அதை அவள் விலக்கவில்லை. இத்தனை ஆண்டு காத்திருந்ததை ஒரு கணம் பார்த்துக்கொள்ளக் கூடாதா?

அரங்கே எழுந்து நின்று கைதட்டியது. சிலர் அழுதார்கள்.

வெளியே வந்தபோது, வாசல் குழாயடியில் ஒரு பெண் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"செமத்தியாக் குடுத்தீங்கக்கா! என் மாமியாரையே பழி வாங்குன மாதிரி நெஞ்சு குளுந்துபோச்சு."

"அந்தத் தண்ணியக் குடிக்காதம்மா. அதுல விஷம் இருக்கு. அதத்தானே உள்ள சொன்னேன்..."

"தண்ணியா? அப்படி எதுவும் வரலையேக்கா." அவள் சிரித்தாள். "வாயால ஆயிரம் சொல்லுவாங்க. மனசுக்குள்ள வந்திருந்தா நம்பியிருப்பேன்."

அண்ணாந்து குடித்தாள். நப்பின்னையின் மூடிய கைக்குள் அந்த வில்லை வியர்வையில் நனைந்திருந்தது.