பச்சையாக எதுவும் கூடாது

“மன்னிப்பு கேட்டா உட்டுடுவாராம். செய்யாத தப்புக்கு இன்னாத்துக்கு பாய் நான் கேக்கணும்?”

கூடையை இறக்காமலே சாதுல்லாவிடம் பேசினாள் பூங்காவனம். அயனம்பாக்கம் ஏரிக்கரையில் அறுகும் கீரையும் அறுத்து அம்பத்தூர் வீடுகளுக்குப் போடுகிறவள். ஓய்வுபெற்ற டெபுடி கலெக்டர் வீரராகவன் பங்களாவில் வளர்ந்த முயல்களுக்கும் கினிப்பன்றிகளுக்கும் தீனி அவளுடையதுதான். பேரில்தான் பன்றி; பார்த்தால் வாலில்லாத கொழுத்த எலி. அவற்றில் இரண்டு செத்துவிட்டன. ஏரிக்குப் போகும் வழியை அவர் வேலி போட்டு அடைத்ததை இவள் தெருவில் நின்று தட்டிக் கேட்டிருந்தாள். அந்த ஆத்திரத்தில் புல்லில் விஷம் கலந்துவிட்டாள் என்பது அவர் கட்சி. சாயங்காலத்துக்குள் ஒப்புக்கொள்ளாவிட்டால் போலீஸ்.

சாதுல்லா முதல் உலகப் போரின்போது மெசபடோமியா யுத்தத்தில் ராணுவ ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். ஊரில் யார்மேல் பழி விழுந்தாலும் அவரிடம்தான் வருவார்கள். அவர் செருப்பை மாட்டுவதற்குள் நண்பர் வரதன் தெருவில் இறங்கிவிட்டார். வரதனுக்கு எல்லாமே கொலைதான்.

பங்களாக் கூண்டில் முயல்கள் துள்ளிக்கொண்டிருந்தன. மூலையில், மிஞ்சிய ஒரே கினிப்பன்றி எழ முடியாமல் கிடந்தது. சாதுல்லா அதைத் தூக்கி உதட்டை விலக்கினார். ஈறில் ரத்தம். கால் மூட்டுகள் வீங்கியிருந்தன. தொட்டியில் கிடந்த கீரை கறுத்துத் துவண்டு விரலில் ஒட்டியது.

“அரளிதான், சந்தேகமே இல்லை,” என்றார் வரதன்.

“முயலும் இதே தொட்டியிலதானே தின்னுது? அரளி என்ன, ஆள் பார்த்தா கொல்லும்?”

கொல்லைப்புறத்தில் சமையற்காரி குப்பம்மா அண்டாவில் எதையோ கொதிக்கவைத்துக்கொண்டிருந்தாள். சாதுல்லா மூடியைத் திறந்தார். அறுகம்புல்.

“புல்லை எதுக்கும்மா வேகவைக்கிறே?”

“பூந்தமல்லியில காலரான்னதும் ஐயாதான் சொன்னாரு, பச்சையா எதுவும் குடுக்கக் கூடாதுன்னு. அன்னிலேர்ந்து தண்ணி, கீரை, இதுங்க புல்லு, எல்லாமே கொதிக்கவச்சுதான்.”

வீரராகவன், பூங்காவனம், குப்பம்மா எல்லோரையும் சாதுல்லா கூண்டருகே கூட்டிவந்தார்.

“மெசபடோமியாவுல சிப்பாய்களுக்கு மாசக்கணக்கா பச்சைக் காய்கறி கிடைக்கல. ஈறு வீங்கி, கால் வீங்கிச் செத்தாங்க. காய்ஞ்ச தீனி தின்ன குதிரைங்க நல்லா இருந்துச்சு. பச்சையில இருக்கிற சத்தை அதுங்க உடம்பே பண்ணிக்கும். முயலும் அப்படித்தான். கினிப்பன்றி நம்மள மாதிரி, பச்சையா தின்னாத்தான் உண்டு. கொதிச்சா அந்தச் சத்து போயிடும். விஷமா இருந்தா முயலும் செத்திருக்கணும் ஐயா. இதுங்களைக் கொன்னது உங்க உத்தரவு.”

“நான் தண்ணியைச் சொன்னேன்,” என்றார் வீரராகவன்.

“‘பச்சை’ன்னு சொன்னீங்க. அவங்க பச்சையா இருந்ததை எல்லாம் அண்டாவுல போட்டாங்க.”

வீரராகவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “சரி, போலீஸ் வேண்டாம். இவளை மன்னிச்சுட்டேன்.”

“நீங்க இன்னா என்னை மன்னிக்கிறது?” என்றாள் பூங்காவனம். அவள் குரல் உயரவில்லை. அவருக்குத்தான் முகம் சிவந்தது.

“இது பொழைக்குமா?” என்று சாதுல்லாவைக் கேட்டார்.

“தினமும் பச்சையா தின்னா பொழைக்கும்.”

எல்லோரும் கூடையைப் பார்த்தார்கள். பூங்காவனம் ஒரு பிடி கீரை எடுத்துக் கினிப்பன்றியின் வாயருகே வைத்தாள். அது மெல்ல மெல்லத் தின்னத் தொடங்கியதும் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டாள்.

“வாயில்லாத ஜீவன், இன்னிக்கு குடுத்தேன். நாளைக்கும் வேணும்னா ஏரி வேலியைப் பிரிச்சு வையுங்க. வழி இருந்தா புல்லு வரும்.”

அன்று சாயங்காலம், போலீஸ் வந்திருக்க வேண்டிய நேரத்தில், வேலியைப் பிரிக்க ஆள் வந்தான்.