யாரும் பின்னாத கை

வாசலில் கிடந்த நான்கு பார்சல்களில் கடைசியைப் பிரித்தபோதுதான் அவளுக்கு அந்த வித்தியாசம் உறைத்தது. உள்ளே இருந்த இடது கை சூடாக இருந்தது.

வெயிலில் காய்ந்த துணியின் சூடு இல்லை அது. வெயிலைப் பார்த்துத்தான் எத்தனை நாள் ஆயிற்று! விடாத மழையில் அட்டைப்பெட்டிகள் ஊறிப் பிசுபிசுத்தன, வீடு முழுக்க ஈரக் கம்பளியின் நாற்றம். பின்னிய ஸ்வெட்டரின் முன்பக்கம், பின்பக்கம், வலது கை மூன்றும் சில்லிட்டுப் போயிருந்தன. இடது கை மட்டும், யாரோ இப்போதுதான் உடம்பிலிருந்து உருவிப் போட்ட மாதிரி, உள்ளிருந்து சுட்டது. அந்தப் பார்சலில் அனுப்பியவர் பெயரும் இல்லை.

‘மறதிக்காரி’ என்று சிரித்துக்கொண்டாள். ஸ்வெட்டர் பின்னும் குழுவில் இடது கைகளை மட்டும் பின்னும் ஒருத்தி உண்டு. ‘இடதுகை அக்கா’ என்றே பெயர். யாரும் யாரையும் நேரில் பார்த்தது கிடையாது. ஆளுக்கொரு ஊரில் இருந்துகொண்டு, குழுவை நடத்தும் டீச்சர் போனில் அனுப்பும் அளவுக்கு ஆளுக்கொரு துண்டு பின்னுவார்கள். எல்லாம் இவளிடம் வரும். இவள் துண்டுகளைச் சேர்த்துத் தைத்து, கழுத்துக் கண்ணிகளை முடித்து, ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டுக்கு அனுப்புவாள். அதனால் இவள் ‘முடிப்பு’. டீச்சரின் சட்டம் இரண்டே இரண்டு. கழுத்தைப் பெரிய ஊசியால் தளர்வாக முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் குழந்தையின் தலை நுழையாது. ஒரு ஸ்வெட்டரைக்கூட வீட்டுக்கென்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

“அம்மா… குளிருது.”

உள் அறையிலிருந்து பாப்பாவின் குரல். காய்ச்சல் விட்டும் குளிர் அவளை விடவில்லை. எத்தனை போர்வை போர்த்தினாலும் உதடு நீலம் பாரித்தது, விரல்கள் ஐஸ். எல்லா டெஸ்டும் நார்மல் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். நார்மலாம்! இன்றைக்குப் பல் தந்தியடிக்கும் சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்டது. இந்தப் பிள்ளை இன்னும் எத்தனை நாள் தாங்குவாள் என்ற நினைப்பை அவள் நாளெல்லாம் விரட்டிக்கொண்டிருந்தாள், அது போவதாக இல்லை.

அவள் அந்த இடது கையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். எங்கிருந்து வந்த சூடானால் என்ன! சட்டமாவது மண்ணாங்கட்டியாவது.

மளமளவென்று தைத்தாள். இடது கையை இணைத்ததும் மற்ற துண்டுகளுக்கும் மெல்ல மெல்லச் சூடு ஏறியது. கழுத்துக்கு வந்தபோது பெரிய ஊசி எங்கே போய்த் தொலைந்ததோ தெரியவில்லை. எழுந்து தேட மனம் வரவில்லை, பல் தந்தியடிக்கும் சத்தம் நிற்காமல் கேட்டது. கையிலிருந்த சின்ன ஊசியாலேயே இறுக்கி முடித்தாள்.

தலை சிரமப்பட்டுத்தான் நுழைந்தது. காது மடங்கி, பாப்பா ஒரு முறை கத்தினாள். அதோடு நடுக்கம் நின்றது.

வீடே அமைதியானது. கன்னத்தில் சிவப்பு ஏறியது, உதட்டின் நீலம் கரைந்தது. கட்டில் ஓரம் உட்கார்ந்து, விரல்களை மூடித் தொங்கிய இடது கையைத் துணியோடு பிடித்துக்கொண்டாள். உள்ளே சின்னச் சின்ன விரல்கள், வெதுவெதுவென்று. எத்தனை நாள் கழித்து! துணிக்கு மேலாகவே முத்தமிட்டு, வாய்விட்டு அழுதாள். விரல்கள் அவள் கட்டைவிரலைப் பற்றிக்கொண்டன.

“அம்மா, இந்தக் கைக்குள்ள இடமே இல்ல.”

“உள்ள நூல் முடிச்சு இருக்கும் கண்ணு.”

“முடிச்சு இல்லம்மா. பிடிச்சுக்குது.”

“காய்ச்சல் விட்ட அசதியில அப்படித்தான் தோணும். கொஞ்சம் தூங்கு.”

போன் அதிர்ந்தது. இடதுகை அக்காவின் குரல் பதிவு.

“முடிப்பு, கோவிச்சுக்காதம்மா. எனக்குக் கண் ஆபரேஷன் ஆயிடுச்சு. ஊசியையே தொடல. இந்த ஸ்வெட்டருக்கு இடது கை வேற யாராவது பின்னட்டும், என்ன?”

இரண்டாம் முறை கேட்டாள். அதே சொற்கள்தான். ஜன்னலுக்கு வெளியே பொழுது மங்கிக்கொண்டிருந்தது. ஈரக் கம்பளி நாற்றத்துக்கு அடியில் இன்னொரு வாடை இருப்பது இப்போதுதான் மூக்கில் ஏறியது. தூங்கி எழுந்த கைக்குழந்தையின் வாயில் அடிக்கும் புளித்த பால் வாடை. பாப்பா பால் குடிப்பதை நிறுத்தி வருஷங்கள் ஆகிவிட்டன.

“பாப்பா, எழுந்திரு. இதைக் கழட்டிடலாம்.”

தூக்கினாள். கழுத்து, தாடையில் சிக்கியது. இழுத்தாள். வரவில்லை. பாப்பா இருமினாள். உள்ளே போன தலை வெளியே வராமல் போகுமா? ஐயோ, பாவி, பெரிய ஊசியைத் தேடியிருக்கக் கூடாதா! மறுபடி இழுத்தாள்.

“மூச்சு… முட்டுது…”

கத்தரிக்கோல். மேஜையில். ஓடினாள், எடுத்தாள், வந்தாள். கழுத்துப்பட்டிக்கும் தொண்டைக்கும் நடுவே ஒரு விரல்கூட நுழையவில்லை. நுனியால் ஒரு கண்ணியை நெம்பினாள். கடவுளே, தோலில் பட்டுவிடக் கூடாது. வெட்டினாள்.

நூல் அறுந்தது. பிடித்து உருவினாள். கண்ணி கண்ணியாக அவிழ்ந்தது. சரசரவென்று. கழுத்து அகன்றது. பாப்பா மூச்சை இழுத்தாள். ஒரு தரம். இன்னொரு தரம்.

“அவ்வளவுதான் என் தங்கம், அவ்வளவுதான். கையை எடு, வெளிய வந்துடு.”

“நான் அப்பவே கைய உள்ள இழுத்துக்கிட்டேன்மா. அது பிடிச்சுதுல்ல.”

அகன்ற கழுத்து வழியாகப் பாப்பாவின் கைகள் வெளியே வந்தன. வலது. இடது. இரண்டும் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டன. இரண்டும் ஐஸ். பல் மறுபடி தந்தியடிக்க ஆரம்பித்தது.

அவள் குனிந்து பார்த்தாள்.

ஸ்வெட்டரின் வலது கை தட்டையாகத் தொங்கியது. இடது கை தொங்கவில்லை. முழங்கை மடிந்து, உருண்டு, நிறைந்திருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே அதன் நுனியிலிருந்து சின்ன விரல்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்து, கத்தரிக்கோல் பிடித்திருந்த அவள் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டன.

வெதுவெதுவென்று இருந்தன.