பம்பரில் விழுந்த குழிகள்

இடிபட்ட வண்டிகளைப் பார்த்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தே முப்பது வருடம் ஓட்டியவர் சர்வேயர். ஓய்வுக்குப் பிறகும் ஊர் அவரை விடவில்லை. அன்று அதே தெரு டீச்சர் ஒருவர் வந்து உட்கார்ந்தபோது, சர்வேயருடைய மனைவியின் தம்பியான மச்சான், விஷயம் என்னவென்று கேட்பதற்குள் நோட்டில் 'கொலை' என்று தலைப்புப் போட்டுவிட்டார். தெருவில் பூனை தும்மினாலும் பின்னால் ஒரு கும்பல் இருக்கிறது என்று சத்தியம் செய்கிற ஆள்.

டீச்சர் எட்டிப் பார்த்தார். "இன்னும் அந்த அளவுக்குப் போகல."

மச்சான் தலைப்பை விரலால் மறைத்துக்கொண்டார்.

"செவ்வாய்க்கிழமை ராத்திரி ஏதோ ஒரு கார் ஒரு வாட்ச்மேன இடிச்சிட்டு நிக்காமப் போயிருக்கு சார். இடுப்பு ஒடிஞ்சு ஆஸ்பத்திரில கிடக்காரு. மறுநாள் பாத்தா எங்க கார் பம்பர்ல புதுப் பெயிண்ட். ஸ்பிரே டப்பா என் தம்பி கட்டிலுக்கு அடியில. எங்க வீட்லதான் இருக்கான். கார் சாவி அவன்கிட்டயும் இருக்கு, என் வீட்டுக்காரர்கிட்டயும் இருக்கு. நாளைக்குக் காலையில தம்பிய ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும்னு அவர் சொல்றாரு."

"தம்பி என்ன சொல்றான்?"

"'நான் இல்லக்கா'ன்னு ஒரு தடவ சொன்னான். அறைஞ்சேன். அப்புறம் வாயே திறக்கல."

டீச்சர் வீட்டுக் கார் ஷெட்டுக்குப் போனார்கள். மச்சான் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு பூதக்கண்ணாடியோடு தரையில் தவழ்ந்து, இரண்டு எறும்புகளைச் சந்தேகித்தார். சர்வேயர் வெறும் விரலால் பம்பரைத் தடவினார். அம்மை போட்ட முகம்போல ஊசிமுனைக் குழிகள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்த கீறல்கள் பெயிண்டுக்கு அடியில் தெரிந்த இடத்தில்தான் குழிகள் மிக அதிகம்.

பக்கவாட்டுக் கண்ணாடியின் மூடியோ உரித்த முட்டைபோல வழவழவென்று இருந்தது.

"இந்த மூடி யாரு அடிச்சது?"

"போன வருஷம் தம்பி. அதுவும் ஸ்பிரே டப்பாலதான்."

அலமாரியில் பாலிஷ் புட்டிகள் பட்டாளம்போல வரிசையாக நின்றன. பக்கத்தில் இஸ்திரி போட்ட மாதிரி மடித்த துணிகள்.

"அது என் வீட்டுக்காரரோடது," என்றார் டீச்சர். "கார் பக்கம் போனாலே கை தானா துணியத் தேடும். வேற யாரையும் தொட விடமாட்டாரு."

சர்வேயர், டீச்சரின் வீட்டுக்காரரையும் தம்பியையும் கூப்பிடச் சொன்னார்.

"அத்தான், டப்பால கைரேகை எடுக்கலாமா?" என்றார் மச்சான்.

"சும்மா இரு மாப்ள."

இருவரும் வந்து நின்றார்கள். சர்வேயர் பம்பரைத் தட்டினார். "பாலிஷ்ல எண்ணெய்ப்பசை இருக்கும். அதுமேல பெயிண்ட் அடிச்சா ஒட்டாம விலகி இப்படித்தான் குழி விழும். அடிச்சுப் பழகினவன் முதல்ல தின்னர் போட்டு அந்தப் பசையத் துடைப்பான். போன வருஷம் தம்பி அப்படித் துடைச்சிருக்கான், கண்ணாடி மூடியப் பாத்தாலே தெரியுது."

"வருஷக் கணக்கா பாலிஷ் போட்ட வண்டி," என்றார் வீட்டுக்காரர். "பழசு மிச்சம் இருந்திருக்கும். அவசரத்துல இவன் துடைக்க மறந்திருப்பான்."

"பழசா இருந்தா, உப்புத்தாள் போட்ட இடத்துல அது தேய்ஞ்சு போயிருக்கணும். குழி அங்கதான் ஜாஸ்தி. அப்படின்னா தேய்ச்சு முடிச்சதுக்கு அப்புறம் யாரோ புதுசா பாலிஷ் போட்டிருக்காங்க. பெயிண்ட் அடிக்கப்போற இடத்துக்கு எவனும் பாலிஷ் போடமாட்டான். தேய்ச்ச தூசியப் பாத்ததும் தன்னை அறியாம பாலிஷ் துணிக்குக் கை போற ஒரு ஆளத் தவிர."

வீட்டுக்காரர் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "இருட்டுல அந்தாளு தெரியல. பயந்துட்டேன்."

மச்சானுக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல இருந்தது. டீச்சரின் முகத்தைப் பார்த்தார். நோட்டை மெதுவாக மூடினார்.

டீச்சர் புருஷனைப் பார்க்காமல் தம்பி பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரியுமாடா?"

"மாமா டப்பாவ என் கட்டிலுக்கு அடியில வச்சதப் பாத்தேன்," என்றான் தம்பி.

"ஏன்டா சொல்லல?"

"சொல்ல வந்தேன். நீ அறைஞ்ச."

"தப்புதான்டா. அக்காவ மன்னிச்சிடு."

"அவரு சொன்னத அப்படியே நம்பிட்ட. நான் சொன்னது நிஜமான்னு பாக்க வெளியாளக் கூட்டிட்டு வரணும் உனக்கு." அவன் குரல் உயரவேயில்லை. "சார் நல்லா கண்டுபிடிச்சாரு. அவரு கண்டுபிடிக்கலன்னா நாளைக்கு என்ன செஞ்சிருப்பக்கா?"

டீச்சர் அவன் தோளைத் தொடக் கை நீட்டினார்.

தம்பி விலகி உள்ளே போய்த் தன் துணிப்பையோடு வந்தான். கார் சாவியைப் பம்பர்மேல் வைத்துவிட்டுக் கேட்டைத் திறந்துகொண்டு போனான்.