வெயில் பட்டால் கீறும் கார்

காலை ஆறே காலுக்கு வெயில் விழுந்ததும், சிங்காநல்லூர் வீதிகளில் நின்ற கார்கள் எல்லாம் முந்தின நாள் வாங்கிய கீறல்களை ஆற்றிக்கொண்டன. பரிதியின் கருப்புக் கார் மட்டும் தன்னைத்தானே கீறிக்கொண்டது.

பத்தொன்பது வருடமாக இதே கதைதான். ஞாயிற்றுக்கிழமை மாலை முழுக்கப் பாலீஷ் மிஷினை வைத்துத் தேய்த்து, முகம் பார்க்கிற மாதிரி ஆக்கிவைப்பார். திங்கள் காலை வெயில் பட்ட ஐந்தாவது நிமிடம் பானெட்டில் மெல்லிய வட்டங்கள் எழும்பும். பிறகு கதவுகளில், பிறகு கூரையின் ஓரங்களில். வெள்ளைக் காராக இருந்தால் யார் கண்ணிலும் பட்டிருக்காது. கருப்பு அப்படி விடாது. முடியைவிட மெல்லிய கீறலும் வெயிலைப் பிடித்துக்கொண்டு சிலந்தி வலையாக மினுங்கும்.

வேறொருவர் காராக இருந்தால் ஊர் கண்டுகொண்டிருக்காது. ஆனால் கீறலைத் தானே ஆற்றிக்கொள்ளும் மீள்பூச்சைக் கண்டுபிடித்தவரே பரிதிதான். ஊருக்கெல்லாம் கீறலை ஒழித்தவர் வீட்டு வாசலில், உலகத்தில் மிஞ்சிய ஒரே கீறல் விழுந்த கார் நின்றது. வைத்தியர் வீட்டில் தீராத இருமல் கேட்டால் ஜனங்கள் என்ன பேசுவார்களோ, அதையெல்லாம் பேசினார்கள்.

மீள்பூச்சின் சூட்சுமம் பெரிதொன்றும் இல்லை. பூசிய பிறகு பன்னிரண்டு மணி நேரம் அதற்குப் 'பதியும் நேரம்'. அந்த நேரத்தில் பூச்சிலுள்ள நுண்துகள்கள் தாம் இருக்கும் இடத்தை மனப்பாடம் செய்துகொள்ளும். முதல் வெயில் பட்டதும் பாடம் முடிந்துவிடும். அதற்கப்புறம் ஆணியை வைத்துக் கீறினாலும், மறுநாள் வெயிலில் துகள்கள் படித்த இடத்துக்கே திரும்பிப் போய் உட்கார்ந்துகொள்ளும். காருக்கென்று வந்த பூச்சு பேருந்துக்கும் கதவுக்கும் பள்ளிக்கூட மேசைக்கும் சமையல் மேடைக்கும் பரவியது. ஊரில் யார் எதைத் தொட்டாலும், தொட்டதற்கான அடையாளம் மறுநாள் இருக்காது.

அதற்கு முந்திய காலைகளைப் பரிதி இப்போது அடிக்கடி நினைத்துக்கொண்டார். வீதி முழுக்க வாளிச் சத்தம் கேட்கும். வாசலுக்கு வாசல் யாராவது ஒருவர் பழைய பனியனைக் கையில் சுற்றிக்கொண்டு, தூசி படிந்த காரை வட்ட வட்டமாகத் துடைத்துக்கொண்டிருப்பார். பூச்சு வேதியியல் படித்த பரிதிக்கு அதைப் பார்க்கவே வயிறு எரியும். தூசியோடு துணியைத் தேய்ப்பதும் மணல் தாளை வைத்துத் தேய்ப்பதும் ஒன்று என்று பார்த்தவரிடமெல்லாம் சொல்வார். முதலில் தண்ணீரை அடித்துத் தூசியை இறக்க வேண்டும். சோப்புக்கு ஒரு வாளி, துணி அலச ஒரு வாளி. நுண்ணிழைத் துணியால் நேர்கோட்டில்தான் துடைக்க வேண்டும்.

கல்யாணமான புதிதில் இந்தப் பாடத்தைத் தமயந்திக்கும் நடத்தினார். அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு முழுதாகக் கேட்டாள்.

"ஒரு வண்டியத் தொடைக்க ரெண்டு வாளியாங்க? எங்கப்பன் ரெண்டு எருமைய ஒரே வாளித் தண்ணியில கழுவிப்போடுவாரு" என்றாள்.

மறுநாளும் பனியனோடுதான் வந்து நின்றாள். அவர் குளித்துவிட்டு வருவதற்குள் கார் துடைத்து முடிந்திருக்கும், கீறலும் விழுந்திருக்கும். மீள்பூச்சைக் கண்டுபிடிக்கும் எண்ணமே அந்தச் சண்டைகளில்தான் அவருக்கு உதித்தது. இதை எந்தப் பேட்டியிலும் அவர் சொன்னதில்லை.

தமயந்தி கண்ணை மூடிப் பதினொரு மாதம் ஆகிறது. போன பிறகு அவள் கை பட்ட தடத்தைத் தேடி வீடெல்லாம் அலசினார். அடுப்பு மேடையில் மஞ்சள் கறை இல்லை. சுவிட்சைச் சுற்றி விரல் அழுக்கு இல்லை. பீரோ கதவில் அவள் சாவிக்கொத்து இடித்து இடித்து விழுந்த பள்ளம்கூட இல்லை. எல்லாவற்றுக்கும் பூச்சு அடித்தவர் அவரே. யாரை நொந்துகொள்வது?

அந்தச் சமயத்தில்தான் மீள்பூச்சை விற்கும் நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது. பதிந்துபோன மீள்பூச்சைப் பிரித்தெடுக்க இத்தனை வருடம் வழியில்லாமல் இருந்தது. அதன்மேல் வேறு பூச்சும் ஒட்டாது. இப்போது ஒரு கரைப்பான் தயாராகிவிட்டது. முதல் ஆளாகப் பரிதி விண்ணப்பம் போட்டார். சாவதற்கு முன் அந்தக் கார் ஒரு நாளாவது வெயிலில் சுத்தக் கருப்பாக நிற்பதைப் பார்த்துவிட வேண்டும். அவருக்கு வேறு ஆசை எதுவும் மிச்சமில்லை.

கரைப்பான் கலனோடு மெஹருன்னிசா வந்தாள். கோட்டைமேட்டுக்காரி, முப்பது வயதிருக்கும். பாடப்புத்தகத்தில் படித்தவரை நேரில் பார்க்கும் கூச்சத்தில் முதலில் அதிகம் பேசவில்லை. கரைப்பதற்கு முன் கீறல்களைப் படித்து அறிக்கை எழுத வேண்டும், அது விதி என்றாள். 'கீறல் படிப்பி' என்று உள்ளங்கை அகலத்தில் ஒரு கருவி. அதைப் பானெட்டின் மேல் நகர்த்த நகர்த்த, ஒவ்வொரு கீறலின் ஆழத்தையும் வளைவையும் அளந்து, அதைப் போட்ட கை எப்படி அசைந்திருக்கும் என்று திரையில் வரைந்து காட்டும். வண்டியை வேண்டுமென்றே கீறுகிறவர்களைப் பிடிக்கச் செய்த கருவி அது.

காரைச் சுற்றி இரண்டு முறை நகர்த்தியவள் நெற்றியைச் சுருக்கினாள்.

"சார், பூச்சுல கொறையே இல்லீங்க. பதியுற நேரத்துல யாரோ தொடைச்சிருக்காங்க. அதையும் சேர்த்து மனப்பாடம் பண்ணியிருக்கு" என்றாள்.

பரிதி சிரித்தார். அதற்கு வாய்ப்பே இல்லையென்று விளக்கினார். அவருக்கு நாள்கூட நினைவிருந்தது. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மாலை, இதே வாசலில், முதல் சோதனையாக இந்தக் காருக்குத் தன் கையாலேயே பூசினார். விடிந்து வெயில் படும்வரை யாரும் விரல் வைக்கக்கூடாது என்று வீட்டில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கூரையின் நடுப்பகுதி மட்டும் ஏன் சுத்தமாக இருக்கிறது, சொல் பார்க்கலாம் என்று அவளிடமே கேட்டார். அவர் வாழ்நாள் பெருமையே அந்த நடுப்பகுதிதான். அங்கே சூடு அதிகம், அதனால் பூச்சு பிசகாமல் பதிந்தது என்று முடிவுகட்டி ஆய்வுக்கட்டுரை எழுதினார். அதை நம்பித்தான் உலகத்துப் பூச்சுக்கூடங்கள் எல்லாம் உலை வைத்திருக்கின்றன.

மெஹருன்னிசா தயங்கினாள்.

"எட்டலீங்க சார்."

"என்னது?"

"தொடைச்சவங்களுக்குக் கூரை நடு எட்டல. அஞ்சடி ஒண்ணு உயரந்தான் இருப்பாங்க. இடது கை. எட்டு வட்டத்துக்கு ஒருக்கா நிறுத்திக் கைய ஒரு உதறு உதறுறாங்க பாருங்க. வளையல் மணிக்கட்டுக்கு எறங்கி வந்திருக்கும், மேல தள்ளி விட்டுக்கறாங்க."

திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு கை வட்டம் போட்டது. ஏழு, எட்டு. நின்றது. ஓர் உதறல். மறுபடி வட்டம்.

பரிதி காரின் மேல் கையை ஊன்றிக்கொண்டார். அந்த உதறலை அவர் தோசைக்கல்லுக்கு முன்னால் பார்த்திருக்கிறார், கோலம் போடும்போது பார்த்திருக்கிறார், மருத்துவமனைக் கட்டிலில் வளையலே இல்லாத கையில் பார்த்திருக்கிறார்.

அவருக்கு எல்லாம் புரிந்துபோயிற்று. ஆயுத பூஜையன்று துடைக்காத வண்டிக்கு எப்படிப் பொட்டு வைப்பாள்? விடியுமுன்னே எழுந்து பனியனோடு வந்திருக்கிறாள். அவர் சொன்னதையும் மறக்கவில்லை. சந்தனத்தைப் பூச்சின் மேல் வைக்காமல் கண்ணாடியில் வைத்தாள். அந்தக் கவனத்துக்காக அவர் அவளை அன்று மெச்சக்கூடச் செய்தார். வெயில் வந்தது. பார்க்க வந்த நிறுவனத்து ஆட்கள் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார்கள். நீ தொட்டாயா என்று கேட்டபோது, நான் எதுக்குங்க தொடப்போறேன் என்று சமையலறைக்குள் போய்விட்டாள். இடிந்துபோன அவர் முகத்தைப் பார்த்தபின் அவளுக்கு உண்மை சொல்ல வாய் வரவில்லை போலும். அடுத்த நாளும் வரவில்லை. அப்புறம் பத்தொன்பது வருடம் ஓடிவிட்டது.

ஒவ்வொரு ஞாயிறும் அவர் காரைத் தேய்க்கும்போது டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் நிற்பாள். சனியன் பிடித்த வண்டி என்று அவர் திட்டுவார். அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும் விடுங்க என்பாள். விற்றுவிடலாம் என்றால் மட்டும் சம்மதிக்க மாட்டாள். அவளைத்தான் வாராவாரம் தேய்த்து அழித்துக்கொண்டிருந்தோம் என்று பரிதிக்கு உறைத்தது. அந்தப் பெண்ணுக்கு முன்னால் அழக்கூடாது என்று பார்த்தார். முடியவில்லை.

மெஹருன்னிசா கலனின் மூடியைத் திறக்காமலே வண்டியில் ஏற்றினாள். விண்ணப்பத்தைத் திரும்பப் பெறக் காரணம் எழுத வேண்டுமென்று படிவத்தை நீட்டினாள். பூச்சில் குறை இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

அறிக்கை வெளியே வராமல் இருக்குமா? ஆறு மாதத்தில் ஊரே தலைகீழானது. பதியும் நேரத்தில் பூச்சுக்கூடத்துக்குப் போய்ப் பனியன் துணியால் துடைப்பதற்கு ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். கீறலே வேண்டாமென்று ஒரு தலைமுறை பாடுபட்டதென்றால், அடுத்த தலைமுறை கீறலுக்கு முன்பதிவு செய்தது. அப்பாவின் கை, தங்கையின் கை, காதலியின் கை. காதலி வேறொருவனைக் கட்டிக்கொண்டு போன பிறகும் தினம் காலையில் அவள் கை வந்து நிற்பதைத் தாங்கமாட்டாமல், கரைப்பான் கேட்டு அழுதவர்களும் உண்டு. நிறுவனத்துக்கு இரண்டு பக்கமும் நல்ல வியாபாரம்.

பரிதி பாலீஷ் மிஷினைப் பரணில் போட்டுவிட்டார். இப்போது தினமும் வெயில் சாயும் நேரத்தில் தன் பழைய பனியன் ஒன்றை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருகிறார். தண்ணீர் அடிப்பதில்லை, வாளி எதுவும் இல்லை. தூசியோடு, அவள் வட்டங்களுக்குப் பக்கத்திலேயே, இடது கையால் வட்டம் போடுகிறார். முதலில் கை வழங்கவில்லை, இப்போது பழகிவிட்டது. கூரையின் நடுப்பகுதி அவருக்கு எட்டும். அங்கேயும் நிறைய வட்டங்கள் போடுகிறார். இருட்டும்வரை பானெட்டில் இரண்டு பேருடைய கீறலும் கலந்து கிடக்கும். எது யாருடையது என்று சொல்ல முடியாது.

காலை ஆறே காலுக்கு வெயில் வரும்போது நாற்காலியைப் போட்டுக்கொண்டு காருக்கு எதிரே உட்கார்ந்திருப்பார். அவர் போட்ட வட்டங்கள் ஒவ்வொன்றாக மறையும். தமயந்தி போட்டவை மட்டும் அப்படியே நிற்கும். பூச்சு சரியாகத்தான் வேலை செய்கிறது.