நிற்பதை எரிப்பதில்லை

ஹாரனில் வைத்த உள்ளங்கையை எடுக்காமலே சிட்செல் பிரேக்கை மிதித்தாள். வேன் இன்னும் ஓரடி நகர்ந்தால் அஸ்கெரின் முதுகில் இடித்துவிடும். அவன் திரும்பவில்லை. வெள்ளை மூட்டத்தின் நடுவே மஞ்சள் மழைக்கோட்டின் பின்புறம் மட்டும் தெரிந்தது. வலது கை கழியின் மேல் இருந்தது. இடது கை தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த இடது கைதான் உயர்ந்திருக்க வேண்டும். ஒவ்வொரு கழியையும் தொட்டதும் இடது கையைத் தூக்கி 'வா' என்று காட்டுவதாகப் பேச்சு. புறப்பட்டதிலிருந்து ஒரு கழிக்குக்கூட அவன் அதைத் தவறவிடவில்லை.

"அஸ்கெர். தண்ணி ஏறுது. விளையாடாத."

பஞ்சில் குத்திய ஊசி மாதிரி அவள் குரல் மூட்டத்துக்குள் போய் நின்றுவிட்டது. பிறகு அந்த இடது கை மெல்ல எழுந்தது. காட்டியது. விழுந்தது. அவன் நடக்கத் தொடங்கினான். சிட்செல் மூச்சை விட்டு, முதல் கியரில் அவன் பின்னாலேயே போனாள்.

ஹால்மே தீவிலிருந்து கரைக்கு வர இந்த ஒரு வழிதான். கடல் உள்வாங்கியிருக்கும்போது மட்டும் வெளியே தெரியும் சேற்றுவெளியில் சரளை கொட்டிய ஒற்றைத் தடம். கடல் திரும்பி வந்தால் தடமும் கடல்தான். வலது ஓரம் நெடுக, ஆள் உயரத்துக்கு பிர்ச் மரக் கழிகள். உச்சியில் சுள்ளிகளைக் கம்பி வளையம் போட்டுக் கட்டி, விளக்குமாற்றைத் தலைகீழாக நட்டு வைத்தது போல. மூட்டம் இறங்கிவிட்டால் ஒருவர் கீழே இறங்கி, கழி கழியாகத் தொட்டுக்கொண்டு முன்னால் நடக்க வேண்டும். இங்கே எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். எல்லோரும் நேரத்துக்குக் கிளம்பவும் செய்வார்கள். அஸ்கெருக்குத்தான் இன்னொரு தட்டு வறுத்த மீன் தேவைப்பட்டது.

கண்ணாடியில் தொங்கிய கம்பி வளையம் வேன் குலுங்கும்போதெல்லாம் மோதி, டிங் என்றது. புகை ஏறிக் கறுத்த வளையம். அஸ்கெரின் ஞாபகப் பொருள்.

நேற்று நடுக்கோடைத் தீ விழா. தீவே கடற்கரைக்கு வந்திருந்தது. விறகுக் குவியலின் மேல் எரிப்பதற்கு ஒரு வைக்கோல் சூனியக்காரி பொம்மை, எல்லோர் கையிலும் பீர், வாயில் பாட்டு. ஆனால் குவியல் சின்னது. "இத வெச்சு ஒரு சாசேஜ்கூட சுட முடியாது" என்று அஸ்கெர் முனகிக்கொண்டே எங்கோ போனான், தோளில் மரத்தோடு வந்தான். எங்கே எடுத்தாய் என்று கேட்டதற்குக் கடல் கொடுத்தது என்றான். நள்ளிரவுக்கும் வெளுத்திருந்த வானத்தின் கீழே, வேனின் குறுகிய படுக்கையில், அவனாகவே சொன்னான்.

"பாதையோரத்துக் கழி, தங்கம். ஒண்ணே ஒண்ணுதான்."

அவளுக்குக் கோபத்தைவிட நிம்மதிதான் வந்தது. அஸ்கெர் எதையும் பாதிதான் ஒப்புக்கொள்வான். இரண்டு பீர் குடித்தால் ஒன்று என்பான். முழுச் சம்பளமும் போன மாதத்தில் பாதி போனது என்பான். அந்தப் பாதிகள் சேர்ந்து சேர்ந்துதான் போன குளிர்காலத்தில் அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனாள். இந்த வேன், இந்தக் கடற்கரை, இந்த விடுமுறை எல்லாம் அதைத் தைத்துப் பார்க்கத்தான். இப்போது கேட்காமலே சொல்கிறான். அவள் அவனுடைய நெற்றியில் முத்தமிட்டுவிட்டுத் தூங்கினாள்.

கிளம்பும்போது கேம்ப் நடத்தும் மெட்டே ஜன்னலுக்குள் தலையை விட்டு அந்த வளையத்தைப் பார்த்தாள்.

"அது ஏது?"

"சாம்பல்ல கெடந்துச்சு. ஞாபகத்துக்கு இருக்கட்டும்னு" என்றான் அஸ்கெர்.

"படுத்துக் கெடக்கற மரத்தத்தான் இங்க எரிப்போம். நிக்கறத எரிக்கறதில்ல."

"ஏன், அதுக்குக் கால் வலிக்குமா?"

"காலியான எடத்துல யாராவது நிக்க வேண்டியிருக்கும்."

"நிக்கறேனே. மணிக்கு என்ன சம்பளம்?"

"சம்பளம் கெடையாது" என்றாள் மெட்டே. "லீவும் கெடையாது." முகத்தில் சிரிப்பில்லாமலே வேனின் தகரத்தை இரண்டு தட்டு தட்டி அனுப்பி வைத்தாள்.

இப்போது அந்தத் தகரத்துக்கு வெளியே தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அலையாக வரவில்லை, சேற்றின் துளைகளிலிருந்து கசிந்து, சரளைக்கு நடுவே நாக்கை நீட்டி நீட்டி, யாரோ கிண்ணத்தின் அடியை உறிஞ்சுவது போன்ற சத்தத்தோடு வந்தது. அழுகிய கடற்பாசியும் டீசலும் கலந்த வாடை. வெளிச்சம் எங்கும் ஒரே மாதிரி இருந்தது; எதற்கும் நிழல் இல்லை. கழிகள் ஒவ்வொன்றாக மூட்டத்திலிருந்து வந்து வலது ஜன்னலைக் கடந்து, பின்னால் கரைந்தன. காற்றே இல்லை. ஆனாலும் அவற்றின் உச்சியில் சுள்ளிகள் லேசாக நடுங்கியதாக அவளுக்குப் பட்டது. ஒரு கழியில் கம்பளித் துண்டு சிக்கியிருந்தது. அடுத்ததில், நெஞ்சு உயரத்தில், ஒரு பித்தளைப் பொத்தான். அலை எதையெதையோ கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போகும் என்று சொல்லிக்கொண்டாள். பொத்தானுக்குக் கீழே இன்னொரு பொத்தான் இருந்தது. அதற்குக் கீழே இன்னொன்று.

அதற்குப் பிறகு அவள் வலது பக்கம் பார்க்கவில்லை. அஸ்கெரையே பார்த்தாள்.

முதலில் அவன் குட்டைகளைத் தாண்டித் தாண்டித்தான் போனான், சின்னப் பையன் மாதிரி, அவளைச் சிரிக்க வைப்பதற்காக. இப்போது தாண்டவில்லை. கால்கள் தண்ணீருக்குள்ளேயே நகர்ந்தன. சளப்பென்ற சத்தம்கூட இல்லை.

அவன் நின்றான்.

வலது கை கழியைத் தொடும் உயரத்தில் இருந்தது. ஆனால் அங்கே கழி இல்லை. காற்றைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

ஹாரன். திரும்பவில்லை. மறுபடி ஹாரன்.

சிட்செல் இறங்கினாள். தண்ணீர் கணுக்காலைக் கடித்தது. சுற்றிக்கொண்டு அவன் முன்னால் போனாள். அவன் கண்கள் திறந்திருந்தன. பூட்ஸ் தெரியவில்லை, முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரை சேற்றுக்குள் இறங்கியிருந்தான், குழிக்குள் இறக்கி மிதித்துவிட்டது போல நேராக.

"கையக் குடு. இழுக்கறேன்."

மணிக்கட்டைப் பிடித்தாள். உடனே விட்டுவிட்டாள். ஈர மரப்பட்டை.

"போ, தங்கம்." உதடு அசைந்ததாகவே தெரியவில்லை. "இப்ப வரிசை சரியா இருக்கு. வண்டிய எடு."

"உன்ன விட்டுட்டா? பைத்தியமா உனக்கு?"

"எங்கயும் நிறுத்தாத. என்ன தெரிஞ்சாலும் நிறுத்தாத."

அவள் இடுப்பைக் கட்டி இழுத்தாள். நிலத்தோடு சேர்ந்த ஒன்றை இழுப்பது போலிருந்தது. தண்ணீர் அவள் முழங்காலுக்கு வந்துவிட்டது. பின்னால் வேனின் இன்ஜின் திணறியது.

"ஒரு கழிதான எடுத்த? ஒண்ணுக்கு ஒண்ணு சரியாப் போச்சு. நான் கரைக்குப் போயி ஆளக் கூட்டிட்டு வரேன். கயிறு கொண்டுவரேன். கேக்குதா? ஒண்ணுதான?"

அஸ்கெரின் கண்மணிகள் மட்டும் அவளை விட்டு விலகின. அந்தப் பார்வை அவளுக்குத் தெரியும். இருபது வருடமாகத் தெரியும். தெரியாதவள் போல் வேனை நோக்கி ஓடினாள்.

அவனைக் கடந்தபோது அவன் இரண்டு கைகளும் தலைக்கு மேலே எழும்பியிருந்தன. விரல்கள் விரிந்திருந்தன.

இரண்டாவது கியர். தண்ணீர் சக்கரத்தை மறைத்தது. மூட்டம் அவளுக்காகவே விலகுவது போல் கழிகள் முன்கூட்டியே தெரிந்தன. கழி. கழி. கம்பளித் தொப்பி. கழி. கழுத்தில் சால்வை. பார்க்காதே. கழி. தாடைபோல ஏதோ. பார்க்காதே.

கரையில் கடலைத் தடுக்கும் அணை தெரிந்தது. உண்மையான அணை. பச்சைப் புல், செம்மறி ஆடுகள், நாயோடு நடக்கும் ஒரு மனிதர். அவர் வேனைப் பார்த்துவிட்டு இரண்டு கைகளையும் வீசினார். அவ்வளவு பக்கம். நாய் குரைப்பது கேட்டது.

கழி.

கழி.

அடுத்தது இல்லை.

அந்த இடத்தில் தண்ணீர் மட்டும் ஒரு புள்ளியில் சுழன்றுகொண்டிருந்தது. அடியில் குழி இருந்தால்தான் அப்படிச் சுழலும்.

நிறுத்தாதே. அவள் ஆக்சிலரேட்டரை மிதித்தாள். மிதித்தது பிரேக். கால் அவள் பேச்சைக் கேட்கவில்லை. இன்ஜின் இருமி அடங்கியது. பக்கத்து இருக்கையிலிருந்து அஸ்கெரின் கம்பளிச் சட்டை சரிந்து தரையில் விழுந்தது.

டிங்.

கண்ணாடியைப் பார்த்தாள். அங்கே தொங்கிய வளையம் ஆடவில்லை.

சட்டைப் பையிலிருந்து அது பாதி வெளியே வந்திருந்தது. கம்பி வளையம். அதே கரி. இரண்டாவது வளையம். இரண்டாவது கழி.

எப்போது குனிந்து அதை எடுத்தாள் என்று தெரியவில்லை. எப்போது கதவு திறந்தது என்றும் தெரியவில்லை. தண்ணீர் இடுப்புக்கு இருந்தது, கொஞ்சம்கூடச் சில்லிடவில்லை. பாதத்துக்கு அடியில் குழி சரியான அளவில் இருந்தது. அணையின் மேல் அந்த மனிதர் எதையோ கத்தினார். பதில் சொல்ல வாயைத் திறந்தாள். சுள்ளி முறியும் சத்தம் வந்தது.

அவள் கைகள் தானாகவே தலைக்கு மேலே எழுந்தன. விரல்கள் விரிந்தன. வளையம் விரல்களின் மேலாக இறங்கி, இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துக் கட்டி, இறுகியது.