மூன்றாவது துளை

மதியம் இரண்டே காலுக்கு மெக்கானிக் அருளப்பன் ராட்செட் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தான். இஞ்சின் சுற்றுவது நின்றது. முதல் இரண்டு துளைகளும் உடனே அடங்கின. மூன்றாவது மட்டும் இன்னொரு மூச்சு விட்டது.

மிச்சக் காற்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

பழைய சின்ன கார், மூன்றே சிலிண்டர். டைமிங் பெல்ட் மாற்றும்போது இஞ்சினைக் கையால் சுற்ற வேண்டும் என்பதால் பிளக் மூன்றையும் கழற்றித் தகரத் தட்டில் போட்டிருந்தான். ராட்செட்டைத் திருப்பத் திருப்ப, பிளக் இருந்த துளைகள் முறைவைத்துக் காற்றை உள்ளே இழுத்து வெளியே தள்ளின. இருபத்தாறு வருடமாக அவன் கேட்டு வரும் சத்தம்தான் அது. வெளியே மதுரை ரோட்டில் வெயில் கொதித்தது. ஷெட்டின் தகரக் கூரை மட்டும் அவ்வப்போது டப்பென்று விரிந்தது.

மேல் சக்கரத்தில் ஒரு புள்ளி, கீழ்ச் சக்கரத்தில் ஒரு புள்ளி. இரண்டும் அதனதன் கோட்டுக்கு நேராக நிற்கும்போது பெல்ட்டை மாட்டி, அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரின் போல்ட்டை இறுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் அவன் ஸ்பேனரை எடுத்துத் திரும்புவதற்குள் கீழ்ப் புள்ளி ஒரு பல் தள்ளிப் போயிருந்தது. நாலாவது முறையாக.

“ஏப்பா ஃபயாசு, கியர்ல கை வெச்சியா?”

டிரைவர் சீட்டில் கதவைத் திறந்துபோட்டு உட்கார்ந்திருந்த ஃபயாஸ் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினான். வண்டி அவனுடையது.

“நான் எங்கண்ணே தொட்டேன்? பெல்ட்டு மாட்டச் சொன்னா நீங்க ஒரு மணி நேரமா சடை பின்னிக்கிட்டு இருக்கீங்க.”

“செத்த நேரம் வாய மூடு. வண்டியவிட நீதான் அதிகமா சத்தம் போடுற.”

ஃபயாஸ் சிரிக்கவில்லை. அவனுடைய அம்மா ஜெய்தூன் பீவிக்கு ஐந்து மணிக்கு மதுரையில் டயாலிசிஸ். முந்தா நாள் போக வேண்டியது, வண்டி நின்றுபோனதால் தவறிவிட்டது. இன்று முகூர்த்த நாள். ஊரில் வாடகை வண்டி ஒன்றுகூடக் காலி இல்லை. மூன்றரைக்குள் கிளம்பியாக வேண்டும்.

அவன் போன் அடித்தது. ஸ்பீக்கரில் தங்கை பாஸிலாவின் குரல்.

“அண்ணே, அம்மாவுக்குப் படுக்கவே முடியல. உக்காந்தே இருக்காங்க. ரொம்ப இழுக்குது.”

“இந்தா, முடிஞ்சிரும். அரை மணி நேரம்.”

அருளப்பன் குனிந்தான். பெல்ட்டைத் தளர்த்தி, புள்ளிகளை மறுபடி நேராக்கினான். இந்த முறை ஸ்பேனரை வாயில் கவ்விக்கொண்டு, கீழ்ப் புள்ளியை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றான்.

புள்ளி அசைந்தது.

யாரும் தொடவில்லை. ராட்செட் தரையில் கிடந்தது. மூன்றாவது துளையிலிருந்து காற்று வெளியே வந்தது, மெதுவாக, ஈரமாக, கடைசியில் ஒரு முனகலோடு. அது வெளியேற வெளியேறக் கீழ்ச் சக்கரம் ஒரு பல் அளவுக்குத் திரும்பியது. பிறகு உள்ளே இழுத்தது. இழுக்கும்போது மெல்லிய விசில். அந்தக் காற்றில் பெட்ரோல் வாடை இல்லை, கரி வாடையும் இல்லை. தைலம் மணந்தது.

காலையில் வண்டியைக் கட்டி இழுக்கப் போனபோது ஃபயாஸின் வீட்டு முன்னறையில் அருளப்பன் இதே விசிலைக் கேட்டிருந்தான். முதுகுக்கு மூன்று தலையணை வைத்து அந்த அம்மாவைச் சாய்த்து வைத்திருந்தார்கள்.

அந்த நினைப்பை அங்கேயே நிறுத்தினான். வெயில். காலையிலிருந்து சாப்பிடவில்லை. மணி மூன்றாகப் போகிறது.

“சனியனே, செத்த நில்லு” என்றான் இஞ்சினிடம்.

வழி ஒன்று இருந்தது. எந்த சிலிண்டரில் அழுத்தம் ஏறுகிறது என்று பார்க்க, துளையில் கட்டைவிரலை வைப்பது எல்லா மெக்கானிக்கும் செய்வதுதான். துளையை அடைத்துவிட்டால் காற்று போகாது. காற்று போகாவிட்டால் சக்கரம் நகராது. ஒரு நிமிடம் போதும்.

புள்ளிகளை நேராக்கினான். இடது கட்டைவிரலை மூன்றாவது துளையில் வைத்து அழுத்தினான். வலது கையால் ஸ்பேனரைப் போல்ட்டில் மாட்டினான்.

சக்கரம் நின்றது.

விரலுக்கு அடியில் தள்ளியது. அவன் இன்னும் அழுத்தினான். பிறகு இழுத்தது. விரலின் சதை துளைக்குள் போயிற்று. மறுபடி தள்ளியது. வேகமாக. முறையில்லாமல். இஞ்சினுக்கு இப்படி முறை தவறாது என்பது அவனுக்குத் தெரியும்.

“நில்லு. நில்லு. இந்தா முடிஞ்சிருச்சு.”

போல்ட் அரைச் சுற்று இறுகியது.

உள்ளே ஏதோ விரலைச் சுற்றி நெளிந்தது. வெதுவெதுப்பாக. மெத்தென்று. கையை எடுக்க நினைத்தான். எடுத்தால் ஒரு பல் தள்ளிவிடும். எடுக்கவில்லை.

இன்னும் கால் சுற்று.

வலித்தது. பல்லைக் கடித்துக்கொண்டான்.

இறுகியது.

தள்ளல் குறைந்தது. ஒரு தடவை. இடைவெளி. இன்னொரு தடவை.

அப்புறம் இல்லை.

இடது கையை எடுக்காமலே, வலது கை விரல்களால் பெல்ட்டைப் பிடித்து முறுக்கிப் பார்த்தான். சரியாகக் கால் திருப்பம் வந்தது, அதற்கு மேல் வரவில்லை. இருபத்தாறு வருடத்தில் இவ்வளவு சுத்தமாக ஒரு பெல்ட் உட்கார்ந்ததில்லை. மேல் புள்ளி நேர். கீழ்ப் புள்ளி நேர்.

மெல்ல விரலை எடுத்தான். துளை அமைதியாக இருந்தது. குனிந்து காதை வைத்தான். காற்று இல்லை.

விரலை வெளிச்சத்தில் பார்த்தான். எண்ணெய் இல்லை, எச்சில். நகத்துக்குக் கீழே, சதையில், மேலே மூன்றும் கீழே இரண்டுமாகப் பல் பதிந்திருந்தது.

டிரைவர் சீட்டில் போன் அடித்தது. ஃபயாஸ் ஸ்பீக்கரைப் போட்டான்.

“அண்ணே, பயப்படாதீங்க” என்றாள் பாஸிலா. அவள் குரலில் அழுகை வடிந்து, ஒரு நிம்மதி வந்திருந்தது. “கொஞ்ச நேரம் ரொம்பத் திணறிட்டாங்க. இப்ப எல்லாம் அடங்கிருச்சு. அசையாம என்னையவே பாத்துக்கிட்டு இருக்காங்க. வாய்தான் மூட மாட்டேங்குது. அண்ணே, வண்டி ரெடியாயிருச்சா?”